கடைசி ரீலும் எண்ணூறு ஆடுகளும்

எங்கள் மலையூர்த் திரையரங்கில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் கிழித்தேன். கிழித்ததையெல்லாம் ஒட்டி விரித்தால் எங்கள் நாட்டிலேயே பெரிய இசிக்குல் ஏரியை மூடிவிடலாம். நம்பாதவர்கள் ஏரியை அளந்துகொண்டு வரட்டும். அங்கே நான் பார்த்த பெரிய ஆள் திரையில் வந்த யாரும் அல்ல, மேலே கேபினில் இருந்த ஆப்பரேட்டர் பூரூல் அக்காதான். படம் அறுந்தால், வாயிலிருக்கும் சூரியகாந்தி விதையின் தோலை நாம் துப்பி முடிப்பதற்குள் ஒட்டி ஓடவிட்டுவிடுவார்.

எசெங்குல் ஆட்டுக்காரர். கோடை முழுக்க மலைமேல். மந்தையை இறக்கிக் குளிர்காலக் கொட்டிலுக்கு ஓட்டிப்போகும் அந்த ஒரு நாள் மட்டும் எங்களிடம் பகல் காட்சி பார்ப்பார். ஒரு வருடம், தொலைந்த மகனைத் தாய் இருபது வருடம் தேடும் இந்தியப் படம். கடைசி ரீலில் மின்சாரம் போய்விட்டது. மகன் கிடைத்தானா என்று தெரியாமலே மனிதர் கிளம்பிப்போனார். முடிவைச் சொல்ல யாராவது வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்வாராம். பன்னிரண்டு மாதமும் பொத்திய கையை எடுக்கவில்லை. குதிரையை எப்படி ஓட்டினார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்த வருடம் பூரூல் அக்கா மாவட்ட அலுவலகத்தில் சண்டை போட்டு, மந்தை இறங்கும் நாளுக்கு அதே படத்தை வரவழைத்தார். இரண்டு ஊருக்கும் ஒரே பிரதி. பக்கத்து ஊரில் ஓடிய ரீல் ஒவ்வொன்றாக ஜீப்பில் எங்களுக்கு வரும். மாலைக் காட்சிக்காக ஐந்து மணிக்குள் எல்லாம் அங்கே திரும்பியாக வேண்டும். ஏழு ரீல் ஒழுங்காக வந்தது. எட்டாவது, அந்தக் கடைசி ரீல், வரவில்லை.

அரைமணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், சாலை முழுக்கக் கறுப்புக் காது ஆடுகள், ஜீப் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றான். அக்கா கேபினிலிருந்து இறங்கி நேராக எசெங்குல் உட்கார்ந்திருந்த முன்வரிசைக்கு வந்தார்.

“எசெங்குல் அண்ணே, ஒங்க ஆடுதான் ஒங்க படத்த மறிச்சுக்கிட்டு நிக்குது.”

எசெங்குல் துள்ளி எழுந்தார். மந்தையை மச்சான் கெரீமிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். “அவன் விசிலுக்கு ஒரு குட்டிகூட நகராதே” என்று முனகியபடி வெளியே ஓடிக் குதிரையில் ஏறினார். ஊர் எல்லையில் அவர் அடித்த விசிலில் என் டிக்கெட் அறையின் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டது. ஆடுகள் விலகின. படப்பெட்டியைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

படம் ஓடியது. திரையில் தாய் ஒரு வீட்டு வாசலை நெருங்கினாள். மந்தையோடு மூன்று நாள் கண் மூடாமல் வந்த எசெங்குல், இருட்டும் வெதுவெதுப்பும் கிடைத்ததும் குறட்டை விட்டுவிட்டார். கூட்டம் அழுது தீர்த்து எழுந்துபோயிற்று. வெளியே ஜீப்காரர் ஹாரன் மேல் ஹாரன். நான் எசெங்குலை எழுப்பப் போனபோது மேலே கரகரவென்று சத்தம். கேபின் ஓட்டை வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்த அக்கா, ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு கீழே வந்து பக்கத்து ஊருக்கு போன் போட்டார்.

“ரோடு பூரா ஆடு. பெட்டி வர லேட்டாகும்.”

அதைக் கேட்டபடியே எசெங்குல் கண் விழித்தார். திறந்திருந்த கதவு வழியே பார்த்தால் சாலை காலி. கெரீம் மந்தையை ஆற்றோரம் இறக்கிவிட்டிருந்தான்.

“எனக்காக நீ பொய் சொல்லக் கூடாது தங்கச்சி” என்றார். வாசலுக்குப் போய் ஒரே ஒரு விசில். எண்ணூறு ஆடும் திரும்பிச் சாலையில் ஏறி நின்றன. ஜீப்காரர் ஹாரனை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். போன கூட்டமும் திரும்ப வந்தது. யாரிடமும் நான் டிக்கெட் கேட்கவில்லை.

மகன் கிடைத்தான். அரங்கமே இரண்டாம் முறை அழுதது. எசெங்குல் மட்டும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கா இருவது வருசம்? பாவம், அந்தம்மாவுக்கு விசிலடிக்கத் தெரியல.”