கட்டைக்கால் விளம்பரம்

முடிச்சு அவிழவில்லை. செல்வலட்சுமி காய் நறுக்கும் கத்தியைக் கயிற்றுக்கும் அப்பாவின் காலுக்கும் நடுவே நுழைத்து, தோலில் படாமல் மேல்நோக்கி இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தாள். வீரபாண்டி லோடு ஆட்டோவில் மல்லாந்து கிடந்தார். காலோடு சேர்த்துக் கட்டிய ஐந்தடி உயரக் கட்டைகள் இரண்டும் வண்டியின் பின்கதவைத் தாண்டித் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டையையும் சேர்த்து மூடும் நீளமான சிவப்புக் கால்சட்டையில் ஜவுளிக்கடையின் பெயர் மேலிருந்து கீழாக எழுதியிருந்தது. அதை அவள் வந்ததுமே தொடைவரை கிழித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வண்டியிலேயே ஏறிப் பார்த்து, உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அக்கா, தள்ளு. அந்த முடிச்சு எனக்குத்தான் தெரியும்" என்று மாரிசெல்வம் கிட்டே வந்தான்.

"தொட்டேன்னா இந்தக் கத்தி உன் மேலதான்டா எறங்கும்."

சுற்றி நின்ற தெருக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பின்வாங்கிப் போய்ச் சுவரில் சாய்ந்தான்.

எல்லாம் அவன் தொடங்கியதுதான். வீரபாண்டி இருபது வயதிலிருந்து முப்பத்தைந்து வரை கட்டைக்கால் கட்டி நடந்தவர். பல்பொடி, பீடி, புதிதாகத் திறந்த கடை, எதுவானாலும் தோளில் போர்டு மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் வீரசோழனிலும் சந்தைக்குச் சந்தை நடந்தார். பஸ்ஸின் மேலே உட்கார்ந்து வருகிறவர்களுக்குக்கூட நின்ற இடத்திலிருந்தே நோட்டீஸ் கொடுப்பார். பிறகு ஃப்ளெக்ஸ் போர்டுகள் வந்தன. அவரை யாரும் கூப்பிடவில்லை. பருத்தி அரவை மில்லில் வாட்ச்மேனாகப் போய்விட்டார்.

அந்த ஃப்ளெக்ஸ் அடிக்கும் தொழிலைத்தான் மகன் செய்தான். அனுமதியில்லாத போர்டுகளை நகராட்சிக்காரர்கள் வரிசையாக அவிழ்த்து எறிந்ததும் கடை படுத்துவிட்டது. சும்மா இருந்த நாளில் அப்பாவின் பழைய போட்டோ ஒன்றை எடுத்து செல்போனில் போட்டான். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். அடுத்த வாரமே புதுக் கட்டை செய்யச் சொல்லி, பெயர் அட்டையும் அடித்துவிட்டான். அதில் அப்பாவின் படம், அவன் பெயர்.

செல்வலட்சுமி தான் வாக்கப்பட்ட எம்.ரெட்டியபட்டியிலிருந்து போன் போட்டுச் சத்தம் போட்டாள். "அறுபத்திரெண்டு வயசுல சித்திரை வெயில்ல எதுக்குப்பா இது?"

"மேல போகப்போகக் காத்து நல்லா வருதுடி" என்று அவர் சிரித்தார்.

இன்று மதியம் சாவுச் செய்திக்கு முன்பாகவே அவளுக்கு வீடியோ வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜவுளிக்கடை வாசலுக்கு மேலிருந்த சன்ஷேடில் அப்பா கட்டைக்காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. இரண்டு பையன்கள் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விரலைக் காட்டினார்கள். 'அசையாத மனிதர்' என்று மேலே எழுதியிருந்தது. செல்வலட்சுமி கடைசிவரை பார்த்தாள். "தேவையா இவருக்கு?" என்று எரிச்சலோடு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோளம் புடைக்கப் போனாள்.

கயிறு அறுந்தது. கட்டை தார் ரோட்டில் விழுந்து உருண்டது.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நாடிக்கட்டும் கட்டி முடித்தபோது நான்கு மணி. தலைச்சுமையோடு வெள்ளரிக்காய் விற்கும் கருத்தம்மாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வந்திருந்தாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டுச் செல்வலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு மணிக்கு மேல வந்து உக்காந்தாக தாயி. நெஞ்சத் தடவிக்கிட்டே இருந்தாக. எறக்கிவிட ஆளு எங்கண்ணேன்னு கேட்டேன். பய பந்தல்குடி போயிருக்கான், வந்துருவான்னாக. தண்ணி கேட்டாக. எனக்கு எட்டல. ஏணி கேட்டு டீக்கடைக்கு ஓடுனேன். திரும்பி வந்தா ஒரே கூட்டம், போட்டோ எடுக்கானுக. ஒதட்டுல ஈ உக்காந்துருக்கு, தட்டல. ஏலே, மனுசனுக்கு என்னமோ ஆயிப்போச்சுடான்னு கத்துறேன். அது நடிப்பு ஆத்தாங்கான் ஒருத்தன்."

செல்வலட்சுமி கையை உருவிக்கொண்டு எழுந்தாள். மாரிசெல்வம் ஈரவேட்டியோடு கொள்ளிச்சட்டிக்காகக் காத்து நின்றான்.

"பந்தல்குடியில என்னடா வேல ஒனக்கு?"

"இன்னொரு கடை ஆர்டரு. அப்பாதான் போகச் சொன்னாக. கைவிட்டுப் போயிரும், போயிட்டு வாடான்னு..."

"அவுக சொல்லுவாக. நமக்காக எதுன்னாலும் சொல்லுவாக. கட்டைய மாட்டுனா அந்த மனுசனால தானா எறங்க முடியாதுன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவன் ஈரவேட்டியின் முனையைப் பிழிந்தான்.

"ஏத்திவிட்டவன் எறக்கிவிடணும்ல? பந்தல்குடி அங்கயேதான இருக்கு, எங்க ஓடிப்போகப் போகுது?" அவள் குரல் உடைந்து, மறுபடி ஏறியது. "இவன் சட்டியத் தூக்கக் கூடாது. நான் தூக்குறேன். இல்ல யாராவது தூக்குங்க. இவன் கூடாது."

சித்தப்பா ஜெயபாண்டி, "ஏத்தா, மனசுல உள்ளதப் பெறகு பேசுவோம், நேரமாகுது" என்று முன்னால் வந்தார். அவள் அவரையும் தள்ளிவிட்டாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பொன்னுத்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "காலையில நாந்தான் அவுக காலுக்கு எண்ண தேச்சுவிட்டேன். ரெண்டு மாசமா நாந்தான் தேச்சுவிட்டேன். ராத்திரி நெஞ்சு கரிக்குதுன்னாக. சோடாக் குடிங்கன்னேன். என்னையும் சேத்து வெட்டு."

செல்வலட்சுமி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னுத்தாய் எழுந்து போய், புகைந்துகொண்டிருந்த சட்டியை உறியோடு எடுத்து மகன் கையில் கொடுத்தாள். பாடை தெருமுனை திரும்பும்வரை அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். மொட்டைத் தலையோடு மாரிசெல்வம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். அப்பாவின் செருப்பு ஜவுளிக்கடையிலேயே கிடப்பதாக அம்மா சொன்னாள். "நான் போறேன்" என்று அவன் எழுவதற்குள் செல்வலட்சுமி சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைய சண்டைக்குப் பிறகு அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைக்குள் குளிராக இருந்தது. செருப்பு என்றதும் மேனேஜர் தயங்கிவிட்டு, "பாப்பா, இவுகளக் கூட்டிட்டுப் போம்மா" என்று ஒரு பெண்ணை அனுப்பினார். கழுத்து அட்டையில் ஈஸ்வரி என்றிருந்தது. பதினெட்டு வயது இருக்கலாம். முன்னால் படியேறினாள்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் கீழே அப்பாவின் தோல் செருப்பு ஜோடியாக இருந்தது. செல்வலட்சுமி குனிந்தவள், கண்ணாடி வழியே வெளியே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கைக்கெட்டும் தூரத்தில் சன்ஷேடு.

"இங்க இருந்தா ஏறுனாக?"

"ஆமாக்கா. மாரியண்ணே இங்க உக்கார வச்சுத்தான் கட்டுவாரு. எறங்குறப்பவும் இப்பிடித்தான் உள்ள இழுத்துவிடுவாரு."

"அன்னைக்கு ஜன்னலு தெறந்திருந்துச்சா?"

ஈஸ்வரி படிக்குக் கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஏசி போயிருதுன்னு சாத்தச் சொல்லுவாக." அவள் குரல் இறங்கியது. "கண்ணாடியத் தட்டுனாருக்கா. மூணு நாலு தடவ சத்தம் கேட்டுச்சு. கூட்டத்துக்கு வேடிக்க காட்டுறாருன்னு நெனச்சோம். நாங்க சிரிச்சோம்க்கா."

அந்தப் பெண் அழத் தொடங்கினாள். செல்வலட்சுமி அவளை அடிக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. ஜன்னல் கொக்கியில் விரலை வைத்தாள். லேசாகத் தொட்டதும் விடுபட்டது. கண்ணாடி சத்தமில்லாமல் ஒரு பக்கமாக நகர்ந்தது.

வெயிலும் பஸ் ஹாரனும் ஒன்றாக உள்ளே வந்தன. கீழே தூத்துக்குடி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படியோரம் தொங்கவிட்டிருந்த சேலைகளின் விலைச்சீட்டுகள் படபடத்தன.

"யாரும்மா அது? ஜன்னலச் சாத்துங்க, ஏசி போகுதுல்ல" என்று கீழேயிருந்து மேனேஜரின் குரல் கேட்டது.

ஈஸ்வரி கையை நீட்டவில்லை. செல்வலட்சுமி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனல் காற்று படிப்படியாக இறங்கிக் கடைக்குள் போய்க்கொண்டிருந்தது.