சான்றிதழ்ப்படி எனக்குக் கண் தெரியாது

தலைமை நடுவரின் அறைக்குள் நுழைந்ததுமே எனக்குக் குமட்டியது. போன வாரம்வரை எங்கள் தலைவராக இருந்த பெரியசார் காலத்தில் அந்த அறையில் ஈர ஷூவும் வலித் தைலமும் கலந்த ஒரு நாற்றம் இருக்கும். நடுவர்கள் வந்துபோகிற அறை அப்படித்தான் இருக்கும், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. இப்போது துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி மணந்தது. பெரியசாரின் நாற்காலியில் சென்ட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

சென்ட்டுக்காரர் என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். சேற்றில் புரண்டு ஆடுகிற ஆட்டத்துக்கும் கழுத்தில் சென்ட் அடித்துக்கொண்டு வருகிற ஆள். சமீபம்வரை எனக்குக் கோட்டோர நடுவராக இருந்தவர். அதாவது, கையில் கொடியோடு மைதானத்தின் விளிம்பில் ஓடி, நடுவில் நிற்கிற எனக்குத் துணை செய்தவர். இன்று சர்வதேச ரக்பி நடுவர்கள் அத்தனை பேருக்கும் தலைவர். எந்த ஆட்டத்துக்கு யார் விசில் ஊதுவது என்று முடிவு செய்கிறவர்.

ரக்பி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முட்டை மாதிரி ஒரு பந்து, முப்பது தடியர்கள், நடுவில் ஒரு விசில். அந்த விசில் நான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் புள்ளி. அழுத்துவதற்கு முன்னால் கையிலிருந்து முன்பக்கமாக நழுவிவிட்டால் ஒன்றும் கிடையாது. அந்த நழுவல்தான் எங்கள் குடியைக் கெடுத்தது.

உலகக் கோப்பையின் முதல் சுற்று. கோப்பை அவர்களுக்குத்தான் என்று எல்லோரும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட பெரிய அணியின் ஆட்டம். கடைசி நிமிடத்தில் அவர்களுடைய ஆள் ஒருவன் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து விழுந்தான். நான் கையை நீட்டினால் அவனைத் தொட்டிருக்கலாம். அவன் உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் புல் தெரிந்தது. பந்து முன்னால் நழுவி, பிறகுதான் தரையில் பட்டது. என் காதுக் கருவியில் சென்ட்டுக்காரரின் குரல் வந்தது: "நழுவிடுச்சு. நானும் பார்த்தேன், தெளிவா பார்த்தேன்." வீடியோ அறையைக் கேட்டோம். மேலே ஆட்கள் குவிந்து கிடப்பதால் எந்தப் படத்திலும் பந்து தெரியவில்லை, களத்து முடிவே முடிவு என்றார்கள். புள்ளி இல்லை என்று ஊதினேன். பெரிய அணி தோற்றது.

மறுநாள் அவர்களுடைய பயிற்சியாளர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து ஒப்பாரி வைத்தார். பெரியசார் ஒரே வரியில் பதில் சொன்னார்: நடுவர் பக்கத்தில் நின்றார், பார்த்ததைச் சொன்னார். அந்த ஒரு வரிக்காக, போட்டி பாதியில் இருக்கும்போதே நிர்வாகக் குழு அவரை வீட்டுக்கு அனுப்பியது. 'தலைமையில் புத்துணர்ச்சி' என்று அறிக்கை விட்டார்கள். அதற்கு முன்னால் குழு நடத்திய விசாரணையில் சென்ட்டுக்காரர், தான் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தார். புத்துணர்ச்சி அங்கிருந்துதான் புறப்பட்டது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். களத்தில் நாங்கள் காதோடு காதாகப் பேசுவது எல்லாம் பதிவாகிறது. ஆனால் டிவியில் போவது என் குரல் மட்டும். கூட இருப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்று எந்த நடுவரும் வெளியே சொல்வதில்லை. காதில் யார் என்ன சொன்னாலும் ஊதியது நீ, முடிவு உன்னுடையது. ஒரு தடவை கூட்டாளியை மாட்டிவிட்டால் அப்புறம் எந்தக் கூட்டாளியும் உன் காதில் உண்மையைச் சொல்ல மாட்டான். பெரியசாருக்கு அந்தப் பதிவைப் பற்றித் தெரியும், விசாரணையில் அவரும் அதைப் போட்டுக்காட்டச் சொல்லவில்லை. சென்ட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரின் மானத்தையும் நம்பித்தான் பொய் சொன்னார்.

அந்த அறையில் சென்ட்டுக்காரர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "ஃபைனல் உங்களுக்குத்தான் மேடம்" என்றார்.

உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு ஒரு பெண் விசில் ஊதியதே இல்லை. இதற்காகத்தான் இத்தனை வருஷம் முழங்காலில் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் புன்னகை முடிகிற வழியாகவே இல்லை. அதனால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

பெரிய அணியும் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டதாம். அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டுமாம். விளம்பரதாரர்களுக்கோ முதல் பெண் நடுவர் வேண்டுமாம். இரண்டையும் சேர்க்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"அன்னிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருந்துச்சுன்னு குழுவுல சொல்லிடுங்க. உடம்புன்னா எல்லாருக்கும் வர்றதுதானே? யார் மேலயும் தப்பில்ல. இப்போ சரியாயிடுச்சுன்னு இன்னொரு சர்டிபிகேட் குடுத்துடலாம். உங்க வீட்டுக்காரர் கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கார்?"

"நழுவிடுச்சுன்னு நீங்கதானே என் காதுல சொன்னீங்க?"

"அது உங்க தைரியத்துக்குச் சொன்னது மேடம்."

முப்பது தடியர்களில் ஒருவன்கூட என் முகத்தைப் பார்த்து இப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. பேசியிருந்தால் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருப்பேன். யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். தெருவுக்கு வந்த பிறகும் அந்த சென்ட் என் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

நேராகக் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுக்கிறவர், அதற்கு முறையாகப் படித்து உரிமம் வாங்கியவர். கேலரியிலிருந்து என்னைப் பார்த்து "கண்ணாடி போடு" என்று கத்துகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் தள்ளுபடி கேட்பார்கள். அவர் ஒரு ஃபிரேமின் காலை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகிறவரை காத்திருந்து, நடந்ததை ஒரு கேலிக்கூத்தாகவே சொன்னேன். அவரும் காறித் துப்புவார் என்று நினைத்தேன். அவர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பிட்டேன்மா" என்றார்.

சென்ட்டுக்காரர் காலையிலேயே அவருக்குப் போன் செய்திருக்கிறார். ஆட்டத்துக்கு மறுநாள் நான் பார்வை மங்கல் என்று வந்ததாகவும், கண் வறட்சி என்று கண்டுபிடித்ததாகவும் எழுதி, முத்திரை குத்தி, படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. குணமாகிவிட்டது என்கிற இரண்டாவது சான்றிதழும் மேசை மேல் தயாராக இருந்தது. கூட்டத்தில் நானே கொடுக்க வேண்டியது. அடுத்த வருஷத்திலிருந்து எல்லா நடுவர்களுக்கும் கண் பரிசோதனை நம் கடையில்தான் என்று சென்ட்டுக்காரர் சொன்னாராம். இதை மட்டும் வீட்டுக்காரர் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்.

"நீ மழையில ஓடினது, கால்ல அடிபட்டது, எல்லாத்தையும் நான்தானே பக்கத்துல இருந்து பார்த்தேன்? உனக்காகத்தான் செஞ்சேன். ஒரு வரி பொய். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"பெரியசாருக்கு."

"அவர்தான் போயாச்சே."

எனக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது. அறையவில்லை. சோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்து, சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே படித்தேன். கடைசி வரியையும் முடித்து, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சத்தமாகப் படித்தேன். அவர் எழுந்து வந்து பலகையின் விளக்கை அணைத்தார்.

வசமாக மாட்டிக்கொண்டேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னால் என் வீட்டுக்காரர் பொய்ச் சான்றிதழ் கொடுத்த ஆள். உரிமம் போகும், கடை போகும், மகளின் படிப்பும் அதோடு போகும். கண் தெரியவில்லை என்று சொன்னால் பெரியசார் ஒரு தவறான முடிவுக்கு முட்டுக்கொடுத்த கிழவர். அவரை அனுப்பியதே நியாயம் என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் சேறு. இதைக் கட்டிவைத்தவர் சென்ட் அடித்துக்கொண்டு நடுவில் சுத்தமாக நிற்கிறார்.

நிர்வாகக் குழுவின் அறையில் நீள மேசை, ஏசி, யாரும் தொடாத பிஸ்கட். குழுத் தலைவி ஒரு காலத்தில் வக்கீல், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். சென்ட்டுக்காரர் எழுந்து, நடுவர்களின் உடல்நலத்தில் இனிமேல் எடுக்கப்போகும் அக்கறை பற்றிப் பேசினார். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி குரலைக் குழைத்துக்கொண்டார். சான்றிதழின் நகல் எல்லோர் முன்னாலும் இருந்தது. பிறகு, மேடமே சொல்வார்கள் என்று என்னைக் காட்டினார். நான் எழுந்தேன். இரண்டாவது சான்றிதழ் என் கைப்பையில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று கைப்பையை மூடினேன்.

"அன்னிக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றேன். சென்ட்டுக்காரர் தலையை ஆட்டினார். "அதனால கோட்டோர நடுவர் காதுல சொன்னதைத்தான் நம்பினேன். நழுவிடுச்சு, தெளிவா பார்த்தேன்னு அவர் சொன்னார். அவர் கண்ணு நல்ல கண்ணு. அதை வச்சுத்தான் ஊதினேன்."

அவருடைய தலை ஆடுவது பாதியில் நின்றது. அப்படியெல்லாம் எதுவும் சொல்லவில்லை என்றார். சொல்லியிருந்தாலும் மைதானத்துச் சத்தத்தில் தப்பாகக் கேட்டிருக்கும் என்றார். தலைவி பதிவைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு ஒலிபெருக்கியில் சென்ட்டுக்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டது, என் காதில் விழுந்ததைவிடத் தெளிவாக.

"விசாரணையில எதுவும் தெரியலன்னு எங்ககிட்ட சொன்னீங்களே" என்றார் தலைவி.

சென்ட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். எனக்கு அப்போது வெற்றி மாதிரி எதுவும் தோன்றவில்லை. கூட்டாளியை மாட்டிவிட்டேன், அதுவும் இல்லாத கண்நோயைச் சாட்சிக்கு வைத்து. இறுதியாட்டத்துக்குத் தகுதியாக இருக்கிறீர்களா என்று தலைவி என்னைக் கேட்டார். இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றேன். இன்னொரு பொய்ச் சான்றிதழைக் கொடுத்து அந்த ஃபைனலை வாங்க எனக்கு மனம் வரவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் சென்ட்டுக்காரரைத் தூக்கினார்கள். புள்ளி இல்லை என்ற முடிவு சரியானதுதான், நடுவருக்குக் கண் கோளாறு என்று இரண்டு வரி அறிக்கை வந்தது. பெரியசாரைத் திரும்பக் கூப்பிடுவது பற்றிப் பரிசீலிப்பார்களாம். அவர்களுடைய கவலையெல்லாம் பதிவு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான். ஃபைனலை, யாரோடும் வம்புக்குப் போகாத, எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற ஒருவருக்குக் கொடுத்தார்கள். அன்று என்னோடு மறுபக்கக் கோட்டில் கொடி பிடித்தவர் நடைவழியில் எதிரே வந்தார். என் பழைய சிநேகிதர். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வெளியே வரும்போது பெரியசார் போன் செய்தார். அறிக்கையைப் படித்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "கண்ணுக்கு என்னம்மா ஆச்சு? நல்ல டாக்டரைப் பாரு" என்றார். சரி சார் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சென்ட்டுக்காரரைத் தூக்கியதையும், ஃபைனல் எனக்கு இல்லை என்பதையும், அதை நானே விட்டுவிட்டு வந்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவர் முதலில் என்ன கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அதில்தான் எனக்கு மிச்சமிருந்த எல்லாமே இருந்தது.

"சர்டிபிகேட் பத்தி யாரும் எதுவும் கேக்கலைல்ல?"

இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றேன். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.