உத்திரத்தில் ஆறிதழ்ப் பூ

1

இந்தக் கதை ஒரு வீட்டிலிருந்து வந்தது. மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள்.

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் சோள வயலை ஒட்டிய பழைய பண்ணை வீடு அது. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் முறைப்படி கட்டியது. ஓக் மரத் தூண்கள், குறுக்கே உத்திரங்கள், சேருமிடத்தில் ஆணிக்குப் பதில் மர முளைகள். சுவர்கள் எதையும் தாங்குவதில்லை. பாரமெல்லாம் மரச்சட்டத்தின் மேல். ஒரே ஒரு முறை உள்ளே போயிருக்கிறேன். அதன் பிறகு, களைத்துப்போன ஒருத்தியை அங்கே உட்கார வைக்கத் தோன்றியது.

2

முதல் தொடக்கம்: "ஆயிரத்து எழுநூற்று அறுபதுகளில், ஒரு தச்சன் தன் கோடரியை—"

(விட்டுவிட்டேன். அந்தத் தச்சனை எனக்குத் தெரியாது.)

இரண்டாவது: "தொண்ணூற்றாறு மார்ச் மாதம், அமலிக்குக் குளிர்காயும் கணப்பின் முன்னாலிருந்து எழுந்திருக்கவே தோன்றவில்லை."

இது இருக்கட்டும்.

அமலிக்கு மருத்துவமனை லேபில் வேலை. கணவர் கிருபைராஜ் சாஃப்ட்வேர்காரர். ஜனவரிப் பெரும்பனியின்போது அவளுடைய மூன்று மாதக் கரு கலைந்துவிட்டது. போன வாரம், அவர்கள் வாங்கிக் குடியிருக்கும் அந்தப் பண்ணை வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடந்தது. கூட்டத்தை நடத்தும் ஆபேல் அங்கிள், கணப்புக்கு மேலுள்ள உத்திரத்தில் ஒரு கீறலைக் கண்டார். ஒரு வட்டம், உள்ளே ஆறு இதழ்.

"இது மாந்திரீகம்மா," என்றார். "குழந்தை நிக்காததுக்கு இதான் காரணம். இது போகாம இந்த வீட்ல நான் ஜெபம் பண்ண மாட்டேன்."

3

ஆபேலைக் கெட்டவராக எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை. அந்தப் பெரும்பனியில் அவர்களுடைய கார் பாதையை மூடிய பனியைத் தன் கையால் வழித்து, அமலியை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோனவர் அவர்தான். பயந்தவர்கள் அன்பாகவும் இருக்கிறார்கள். இதை எழுதுகிறவன் என்ன செய்வது?

[வீட்டை விற்ற வெள்ளைக்கார அம்மா சாவியைக் கொடுத்த அன்றே அமலியிடம் சொல்லியிருந்தார்: புகைபோக்கி வழியாகத் தீயது எதுவும் இறங்கக் கூடாதென்று அந்தக் காலத்துக் குடியானவர்கள் இப்படிக் கீறி வைப்பார்களாம்.]

சனிக்கிழமை கிருபைராஜ் மரத்தைத் தேய்க்கும் ஒரு சாண்டர் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தார். தேய்த்தால் ஐந்து நிமிஷ வேலை, அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"அவங்களும் பயந்துதாங்க போட்டிருக்காங்க," என்றாள் அமலி. "நாம வாசல்ல வசனம் ஒட்டியிருக்கோமே, அது மாதிரி."

"அங்கிள் சொல்லிட்டார்ல, அமலி."

"இத அழிச்சா, இதாலதான் போச்சுன்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி. டாக்டரே ஒரு காரணமும் இல்லைன்னுட்டாங்க. எனக்குக் காரணம் வேண்டாங்க. ஜெபம் மட்டும் வேணும்."

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

கிருபைராஜ் தேய்த்துவிடுகிறார். கறுத்த ஓக்கில் வெளுப்பாக ஒரு வட்டம் மிஞ்சுகிறது. ஆபேல் கண்ணீரோடு ஜெபிக்கிறார். அமலி ஆமென் சொல்கிறாள், மனதார. அவள் மனதாரச் சொல்வதுதான் என்னைச் சோர வைக்கிறது.

அல்லது, மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கூட்டம் வேறு வீட்டுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இரண்டு பேர் மட்டும்—

அல்லது, ஆபேலின் மனைவி ஜூலியட் ஆன்ட்டி ரசப் பாத்திரத்தோடு வருகிறார், உத்திரத்தைப் பார்க்கிறார், "பூ போட்டிருக்காங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போகிறார். (இதில்தான் எனக்கு ஆசை. ஆசை இருப்பதாலேயே நம்ப முடியவில்லை.)

5

கிருபைராஜ் ஏணியில் நிற்கிறார். மெஷினின் வயர் கீழே அமலியின் கையில்.

"ப்ளக்க சொருகும்மா," என்றார். அவள் செருகவில்லை, வயரைக் கீழே போடவும் இல்லை. அவர் ஏணியிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பு வரைக்கும்தான் என்னால் எழுத முடிந்தது. அவள் உங்கள் பக்கம் திரும்பி என்ன செய்யட்டும் என்று கேட்டால், நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். அவள் மிகவும் களைத்திருக்கிறாள்.