ஆறாவது பெயர்

பெயர் சொல்லாமல் ஓர் ஆளை எத்தனை நாள் கூப்பிட முடியும் என்று நினைக்கிறீர்கள்?

நாங்கள் மூன்று நாள் கூப்பிட்டோம். ஒன்றும் சிரமமாக இல்லை. பழகிவிட்டது. பழகியதுதான் தப்பாகப் போனது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து முதுகுப்பையோடு ஊர் சுற்ற வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை ஐந்து நாள் பாலைவனத்துக்குக் கூட்டிப் போவது எங்கள் வேலை. வண்டி ஓட்டுவதும் சமைப்பதும் நான். எங்கே நடக்கலாம், எந்தப் பாறையைப் படம் பிடிக்கக் கூடாது, எந்தக் குளத்தில் இறங்கலாம் என்று சொல்வது மைரா அக்கா. அவர் அந்த மண்ணின் பூர்வகுடி; அது அவர் சனங்களின் பூமி. நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடமே என்னைத் தம்பி என்று வைத்துக்கொண்டார். இங்கே ஒரு உறவு முறை வைக்காமல் யாரும் யாரோடும் பேசத் தொடங்குவதில்லை.

செப்டம்பரில் அக்காவின் மகள் கார் விபத்தில் இறந்தாள். இருபத்திரண்டு வயது. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அடக்கம் முடிந்து ஐந்து வாரத்தில் அக்கா வேலைக்குத் திரும்பினார். "வீட்ல இருந்தா எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்குறாங்க. வண்டியில இருந்தா ரோட்டைப் பார்ப்பாங்க" என்றார்.

அவர் திரும்பி வந்த அந்தப் பயணத்தின் முதல் நாள் காலை, விடுதி வாசலில் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பேர். ஐந்து பெயர் வாசித்தேன். ஆறாவதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. இறந்தவளின் பெயர். அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன். பார்த்துவிட்டு டிரெய்லர் கயிற்றை இறுக்கப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, ஆபீஸ்ல சொல்லி வேற ஆளை வரச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? அந்தப் பொண்ணு என்னடா பண்ணுச்சு பாவம்?"

கயிற்றை முடிந்துவிட்டு அவரே வந்து பிள்ளைகளிடம் சொன்னார். "எங்க வீட்ல ஒரு சாவு. போனவங்க பேரை நாங்க கொஞ்ச காலத்துக்குச் சொல்ல மாட்டோம். அதே பேரு உள்ளவங்களையும் அந்தப் பேரால கூப்பிட மாட்டோம். இங்க ஒருத்திக்கு அந்தப் பேரு."

பெல்ஜியத்துப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். ஒல்லியாக, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, ஆண்பிள்ளைச் சட்டையோடு. "நான்தானா? ஐயோ, மன்னிச்சுக்குங்க. அப்போ நான் யாரு?"

"குன்மனாரா. பேரை எடுத்துட்டா அந்த எடத்துல வைக்கிற பேரு."

"எனக்கும் ஒண்ணு குடுங்க பெரியம்மா" என்றான் கோல்ம். அயர்லாந்துக்காரன், வாய் மூடாதவன்.

"உனக்குப் பேரு எதுக்குடா? நீ வர்றதுக்கு முன்னாடியே உன் சத்தம் வந்துடுதே."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

ஒவ்வொரு இடத்திலும் வண்டி கிளம்பும் முன் பட்டியலை வாசிக்க வேண்டும். கம்பெனி விதி. வாசித்து, இருக்கேன் என்ற பதிலைக் காதால் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஆறாவது பெயர் வந்ததும் நான் பேனாவால் பட்டியல் அட்டையில் இரண்டு தட்டு தட்டுவேன். அவள் பின்சீட்டிலிருந்து "இருக்கேன்" என்பாள். முதல் நாள் அப்படி. இரண்டாம் நாள் தட்டியதும் கோல்ம் "ஓய்!" என்றான். பிறகு எல்லாருமே சொல்ல ஆரம்பித்தார்கள். டொக் டொக். ஓய்! வண்டி அதிரும். அவளும் சேர்ந்து கத்துவாள். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் குளங்கள் உள்ள பள்ளத்தாக்கு. அன்று முப்பத்தொன்பது டிகிரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கே நடக்கவிட்டோம். வெயில் ஏறும் முன் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. பத்தே முக்காலுக்கு எல்லாரும் வியர்த்துக் கொட்டி வண்டியில் ஏறினார்கள். ஈக்களை விரட்டிக்கொண்டே வாசித்தேன். டொக் டொக். "ஓய்!" என்று வண்டி அதிர்ந்தது. சாவியைத் திருப்பினேன்.

செம்மண் பாதையில் தொண்ணூறு கிலோமீட்டர். இரண்டு மணி நேரம். பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். ரோட்ஹவுஸ் என்ற வழிக்கடையின் நிழலில் நிறுத்தி ரொட்டியும் இறைச்சியும் எடுத்து வைத்தேன். எல்லாரும் தட்டு எடுத்துக்கொண்டார்கள். மேசையில் ஒரு தட்டு மிச்சம் இருந்தது.

"கழிப்பறையில இருக்காளா?" என்றேன்.

கோல்ம் வண்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். "அவ முன்னாடி பெரியம்மாகூட உட்கார்ந்திருக்கான்னு நெனச்சேன்."

"ஓய்னு சொன்னீங்களேடா."

"நான்தான் சொன்னேன். எப்பவும் நான்தானே முதல்ல சொல்லுவேன்" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ரோட்ஹவுஸ் போனில் போலீசைக் கூப்பிட்டோம். வண்டி வர நான்கைந்து மணி நேரம் ஆகும், ஹெலிகாப்டர் வேறு இடத்தில் இருக்கிறது, விடிந்துதான் வரும் என்றார்கள். பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, இருந்த தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு நானும் அக்காவும் திரும்பினோம். வண்டி பாதையில் உதறிக்கொண்டே போனது.

"நீங்க அந்தப் பேரைக் கேக்க வேண்டாம்னுதான் அக்கா…"

"பேரைச் சொல்லாதேன்னுதான் சொன்னேன். ஆளைப் பார்க்காதேன்னு சொன்னேனா?"

ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன்.

கொஞ்ச தூரம் போனபின் அக்காவே பேசினார். "நானும்தான் திரும்பிப் பார்க்கல. நாலு நாளா பின்சீட்டுப் பக்கம் திரும்பவே இல்ல. அவ அந்தப் பேரை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. எம் பொண்ணுக்கு இப்ப அந்தப் பேரு கூட இல்ல."

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. அக்கா என்னை இறங்க வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"வந்திருக்கா. நாம போன கையோட குளத்துப் பக்கமிருந்து வந்திருக்கா. இங்க பாரு, வண்டி பின்னாலயே ஓடியிருக்கா. முன்பாதம் மட்டும் அழுந்தியிருக்கு."

டயர் தடத்தின் மேலேயே அவள் காலணித் தடம் ஓடியது. முந்நூறு அடி இருக்கும். பிறகு திரும்பி வந்திருந்தாள்.

"இந்த நிழல்ல உட்கார்ந்திருக்கா. ரொம்ப நேரம். பாட்டிலை வெச்ச வட்டம் தெரியுதா? பக்கத்துல தண்ணி சிந்திக் காய்ஞ்ச பொருக்கே இல்ல. காலி பாட்டில்." அக்கா நிமிர்ந்து மேலே பார்த்தார். "அப்புறம் மேல ஏறிட்டா."

"ஏன் அங்க போகணும்? குளத்துல தண்ணி இருக்கே."

"போனுக்கு சிக்னல் கிடைக்குமான்னு பார்க்கப் போயிருப்பா. இந்தப் பிள்ளைங்க வேற எதுக்கு மேட்டுல ஏறும்?"

முள்புல்லில் கொஞ்ச தூரம் தடம் இருந்தது. அதன்பின் பாறை. பாறையில் தடம் இல்லை. மேலே ஏறி நின்றால் எல்லாப் பக்கமும் சிவப்புக் கல், இடுக்கு, மறுபடி கல். கையை வைத்தால் சுட்டது. ஏறும் முன் வண்டி ஹாரனை அடித்து அடித்துப் பார்த்திருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாமல் அது சுற்றிச் சுற்றிக் கேட்டது. கூப்பிட வேண்டும். குன்மனாரா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மயங்கிக் கிடக்கிற ஒருத்திக்கு மூன்று நாள் முன் வைத்த பெயர் காதில் ஏறுமா?

"அக்கா. கூப்பிடட்டுமா?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"கூப்பிடு."

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்று கூப்பிட்டேன். அந்தச் சாவுக்குப் பிறகு என் வாயால் முதல் முறை. முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது, மாமா என்று சொல்கிறவளின் முகம் வந்துவிட்டது. பிறகு கத்தினேன். நாலா பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தினேன். பாறைகள் அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லின. அக்காவின் தோள் குலுங்கியது. கை காதில் அப்படியே இருந்தது. எவ்வளவு பொத்தினாலும் கேட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் என் தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது.

அக்கா கையை எடுத்துவிட்டு எழுந்தார். என்னை நகரச் சொல்லிப் பாறை விளிம்புக்குப் போனார்.

அவர் என்னைப் போலக் கத்தவில்லை. கடைசி எழுத்தை இழுத்து, அடுத்த தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் காதைச் சாய்த்து நிற்பார். மறுபடி கூப்பிடுவார். பொழுது இறங்கிக் கல் எல்லாம் கருத்துப்போகும் வரை கூப்பிட்டார். பதில் வரவில்லை.

"வாடா தம்பி, போதும். போலீஸ் லைட் தெரியுது" என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

போலீஸ்காரர்கள் நான்கு பேர் டார்ச்சோடு தேடினார்கள். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு ஹெலிகாப்டர் வந்தது. ஏழரைக்குள் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாங்கள் நின்று கூப்பிட்ட இடத்துக்கு வடக்கே, ஓர் இடுக்கில் விழுந்து கிடந்தாள். உயிர் இல்லை.