தடித்து நிற்கிற மெயில்கள்

"ரவுண்ட்கியூபே போதும் சார், அதுல என்ன இல்லைன்னு..."

"போதும்னு நீ சொல்லாத ஜாய்ஸ், ஸ்னாப்பிமெயில் எம்புட்டு வேகமா..."

"வேகம் கெடக்கட்டும் சார், நான் சொல்றதை முழுசா..."

"அட, என் ஃபோன்ல பாரும்மா மொதல்ல!"

தல்லாகுளத்தில் வக்கீல் ஹரிஷங்கரின் ஆபீஸ் மாடியில் காலையிலிருந்து இதே பேச்சுத்தான். கட்சிக்காரர்களின் சங்கதி ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கக் கூடாது என்று சொந்தமாகச் சின்ன மெயில் சர்வர் வைத்தவர் அவர். அதை நிறுவி, இத்தனை வருஷம் ஒரு குறையில்லாமல் ஓட்டியவள் ஜாய்ஸ். போன வாரம் சர்வரைப் புதுப்பித்ததும், பிரவுசரில் மெயில் பார்க்கிற பழைய வெப்மெயில் படுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக ரவுண்ட்கியூப், ஸ்னாப்பிமெயில் என்று இரண்டை ஏற்றி வைத்திருந்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"ரெண்டும் தோதுப்படலைன்னா எல்லாத்தையும் வெளிக் கம்பெனியில கொடுத்திருவோம். சாயந்திரம் முடிவு," என்றார் ஹரிஷங்கர்.

ஜாய்ஸுக்குச் சுருக்கென்றது. வெளியே கொடுத்தால் சர்வர் போகும். சர்வர் போனால் இந்த ஆபீசில் அவளுக்கு டைப்பிங்தான் மிச்சம். ஆனாலும் குரலை இறக்கவில்லை.

"சாயந்திரம் எதுக்கு சார்? சாப்பிட்டு வந்து சொல்றேன்."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை. கீழேயிருந்து குமாஸ்தா நாகஜோதி படியேறி ஓடிவந்தாள்.

"அக்கா! ஆபீஸ் மெயில்ல தடிச்ச எழுத்து ஒண்ணுகூட இல்லக்கா. அம்புட்டும் மெலிஞ்சு போய்க் கெடக்கு!"

ஜாய்ஸ் டப்பாவை மூடினாள். அந்த ஆபீசில் வேலை முடிந்த கேஸ் கட்டைத்தான் நாடாவால் கட்டுவார்கள். கட்டாமல் கிடந்தால் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மெயிலுக்கும் அதே வழக்கம். படித்தாலும், காரியம் முடிகிறவரை அதைத் திரும்பவும் 'படிக்காதது' என்று மாற்றி வைத்துவிடுவார்கள். படிக்காதது தடித்த எழுத்தில் தெரியும்; தடித்து நிற்கிறதெல்லாம் செய்ய வேண்டியது.

"யாரு கை வச்சது?"

"நான்தான்," என்றார் ஹரிஷங்கர், பெருமையாகவே. "ரெண்டையும் தட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். இம்புட்டு படிக்கலைன்னு நம்பர் நின்னுச்சு, பார்க்கவே அசிங்கமா. எல்லாம் படிச்சாச்சுன்னு ஒரே அமுக்கு. சுத்தமாயிருச்சா?"

"சார், அது குப்பை இல்ல சார், நம்ம வேலை!" என்றாள் நாகஜோதி. "வாடிப்பட்டிக்காரருக்கு எதிருரை அனுப்பணும், மேலூர் அம்மாவுக்கு வாய்தா தேதி சொல்லணும். மிச்சத்துக்கு நான் எங்க போவேன்?"

ஹரிஷங்கர் ஃபோனை மேசையில் வைத்தார். ஆபீஸ் மெயிலை அவர் இதற்கு முன் என்றைக்குத் திறந்தார், இந்த வழக்கம் தெரிய? அவர் சொல்லச் சொல்ல இவர்கள் டைப் அடிப்பார்கள், அவர் கோர்ட்டுக்குப் போய்விடுவார்.

"பதறாதடி," என்று ஜாய்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நம்ம சர்வர்ல ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். படிச்சதா இல்லையாங்கிறது அந்த ஃபைல் பேரோட வாலுல இருக்கு. விடியக்காலம் எடுத்த பேக்கப்புல பழைய வால் அப்படியே இருக்கும். ஒப்பிட்டு மாத்திட்டாப் போச்சு."

"எல்லாம் வந்துருமாக்கா?"

"இன்னைக்குக் காலையில வந்ததை மட்டும் நீ பார்த்து மாத்திக்க. காலையில முடிச்சது ரெண்டொண்ணு தடிச்சு நிக்கும், அதையும் சரி பண்ணிரு."

தட்டினாள். திரையில் வரிகள் ஒவ்வொன்றாகக் கறுத்துத் தடித்தன. மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற சொந்தக்காரர்களைப் பார்த்தவள்போல நாகஜோதி கூவினாள். "வாடிப்பட்டி வந்தாச்சு! மேலூர் வந்தாச்சு! அய்யோ, இந்த ஜாமீன் மனுவை நான் மறந்தே போயிருந்தேன்!"

ஹரிஷங்கர் செருமினார். "அப்ப... எதை வைக்கலாம்கிற?"

"ரவுண்ட்கியூப். நீங்க அமுக்குனீங்களே, அந்தப் பொத்தானை அதுல சர்வர் பக்கத்துலயே எடுத்துரலாம். யாரு கைக்கும் சிக்காது."

"இன்னொண்ணுல எடுக்க முடியாதா?"

"முடியுமா இருக்கும். இதுல எனக்கு வழி தெரியும், காப்பி வர்றதுக்குள்ள எடுத்துருவேன்."

அவர் தலையாட்டினார். பேச்சு முடிந்தது என்று எழுந்தவரை ஜாய்ஸ் விடவில்லை.

"உக்காருங்க சார். வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கிறதைப் பத்திச் சாயந்திரம் பேசணும்னீங்கள்ல, அதை இப்பவே பேசிருவமா?"