திருப்பிப் போட்ட ஜெர்சி

கோல்கீப்பரை அணியில் எல்லோரும் கண்டக்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவுன் பஸ்ஸில் பத்து வருஷம் டிக்கெட் கிழித்தவள். கோல் கம்பத்துக்கு நடுவே நின்றாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் சும்மா கிடக்கு பாரு" என்று தடுப்பாட்டக்காரிகளை விரட்டிக்கொண்டே இருப்பாள். எதிரணிப் பெண்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

பெயின்ட் கம்பெனி முதலாளி ஒருவர் மாதச் சம்பளத்தில் பெண்கள் கால்பந்து அணி ஆரம்பிக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேர்வுக்குப் போனாள். எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர பஸ் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"பந்து பிடிக்கிறதுக்கு மாசச் சம்பளமா? ஆசை தீர்ந்ததும் மூடிட்டுப் போயிடுவான் அந்த ஆளு" என்று மாமியார் கத்தினாள். அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை. புருஷன் வெல்டிங் பட்டறைக்காரன், அதிகம் பேசாதவன். "பிடிச்சிருந்தா போ" என்றதோடு சரி.

அப்படி எதிர்த்த மாமியார், முதல் ஆட்டத்துக்கு அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வந்தாள். மருமகள் காக்கும் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் காய் நறுக்கிக்கொண்டே விசாரணையை ஆரம்பிப்பாள். "அந்த ரெண்டாவது கோல் உன் தப்புதான். ஏன் வெளிய வந்த?"

முதல் பருவத்தில் அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தது. இரண்டாவது பருவம் பாதி ஓடியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்த மைதானத்தில், பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியோடு ஆட்டம். இடைவேளையில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தார்கள். கோச் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டிவிட்டுக் கம்பெனி மேனேஜர் உள்ளே வந்தார். கையில் பெரிய துணிப்பை.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன்" என்றார். "லீக்ல நம்ம டீமுக்கு இருந்த இடத்தை வேற ஊர்க்காரங்களுக்கு வித்தாச்சு. மதியம் கையெழுத்தாயிடுச்சு. இந்த நிமிஷத்துலேர்ந்து இந்த டீம் கிடையாது. ரெண்டாவது பாதி ஆட வேண்டாம். ஆட்டத்தை அவங்களுக்கே குடுத்துடுவாங்க."

ஒருத்தி கடித்த ஆரஞ்சுச் சுளை பல்லிடுக்கிலேயே நின்றது.

"ஜெர்சியைக் கழட்டி இந்தப் பையில போட்டுடுங்க. பேரும் சின்னமும் கம்பெனியோடது. இனிமே யாரும் அதைப் போட்டுக்கிட்டு வெளிய திரியக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டார்."

கண்டக்டர்தான் முதலில் பேசினாள். "பாதி ஆட்டம் பாக்கி இருக்கே சார். அதை எதைப் போட்டுக்கிட்டு ஆடுறது?"

"ஆட வேண்டாம்னுதானேம்மா சொல்றேன்."

புது ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நாலில் முதல் பெயர் குருவியுடையது. வலது ஓரத்தில் ஓடுகிறவள், அணியிலேயே சின்னவள். அந்த நாலு பேரும் இப்போதே கிளம்ப வேண்டும், திரும்ப மைதானத்தில் இறங்கினால் அந்த வேலை கிடையாது என்பது நிபந்தனை.

இரண்டு பேர் எழுந்தார்கள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருத்திக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"போங்கடி, தப்பில்ல" என்றாள் கண்டக்டர். "ஷூவை மறக்காம எடுத்துக்கோங்க."

மூன்றாவது ஆள் பெஞ்சை விட்டு அசையவே இல்லை. குருவி குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன குருவி, வரல?" என்றார் மேனேஜர்.

"அவங்க லெஃப்ட் பேக் முதல் பாதி முழுக்க என் காலையே மிதிச்சா சார். அதுக்குப் பதில் சொல்லாம எப்படி வர்றது?"

கண்டக்டர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "விளையாட்டு இல்ல இது. உனக்கு இன்னும் எவ்வளவோ வயசு இருக்கு. எங்களுக்காக நிக்காத."

"உங்களுக்காக யாரு நிக்கிறா? அந்த ஊருக்குப் போனா அவங்களும் ஒரு நாள் இடைவேளைல வந்து வித்துட்டேன்னு சொல்லுவாங்க. இதையே இன்னொரு தடவை கேக்கணுமா?"

எல்லோரும் கோச்சைப் பார்த்தார்கள். அவர் கழுத்திலிருந்த விசிலை உருட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கும் அங்க வேலை போட்டிருக்காங்க. எனக்குக் காலையிலதான் தெரியும்."

"காலையிலேயே தெரிஞ்சுமா எங்களைப் பார்த்து இந்தக் கத்து கத்தினீங்க?" என்று கேட்டாள் கண்டக்டர்.

அவர் கம்பெனி மேல்சட்டையைக் கழற்றி மேனேஜரின் பைக்குள் போட்டார். வாசல் வரை போனவர் திரும்பினார். "அவங்க லெஃப்ட் பேக் களைச்சுட்டா. பந்தைக் குருவி பக்கமே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

கண்டக்டர் எழுந்து நின்று ஜெர்சியின் விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்தாள். மேனேஜர் பதறிப்போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்கதானே சார் கழட்டச் சொன்னீங்க" என்றாள். ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "இப்பப் பாருங்க. பேரும் தெரியல, சின்னமும் தெரியல. வெறும் துணி. ஆடி முடிச்சதும் துவைச்சு அனுப்பிடறேன்."

மேனேஜர் திரும்பிப் பார்ப்பதற்குள் அறை முழுக்க ஜெர்சிகள் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தன. அவர் பையோடு வெளியே ஓடினார். பிசியோதெரபி பார்க்கும் பெண் சுளுக்குக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைக் கிழித்து ஒவ்வொரு முதுகிலும் எண் ஒட்டினாள்.

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. இந்தத் தடவை எதிரணிக் கேப்டன், நெட்டையாக ஒரு பெண்.

"எங்களுக்கு மூணு கோல் குடுத்து ஜெயிச்சதா எழுதிடுவாங்களாம். பஸ்ல ஏறச் சொல்றாங்க" என்றாள். "அதுல ரெண்டு நாங்க போட்டது. மூணாவதையும் நாங்களே போட்டுக்கிறோம். தானமெல்லாம் வேண்டாம். வர்றீங்களா?"

"வர்றோம். ஆனா மூணாவது அவ்வளவு சுலபமா கிடைக்காது" என்றாள் கண்டக்டர்.

வெளியே நடுவரம்மாவிடம் மேனேஜர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டத்தை நிறுத்தணும்னா லீக் எனக்குச் சொல்லணும். நீங்க பெயின்ட் கம்பெனி" என்றார் நடுவர்.

"லீக்குக்குப் போன் போட்டுக்கிட்டேதான் இருக்கேன் மேடம்."

"எடுத்தா சொல்லுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

திருப்பிப் போட்ட ஜெர்சிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோல்கீப்பருடையது தவிர எல்லாம் ஒரே நிறம், எண்ணும் தெரிகிறது என்று தலையாட்டினார்.

மேனேஜர் ஒலிபெருக்கி அறைக்குப் போனார். ஆட்டம் ரத்து, பார்வையாளர்கள் கலைந்து செல்லவும் என்று அறிவிப்பு வந்தது. சிலர் எழுந்தார்கள். காவலாள் ஒருவர் வரிசை வரிசையாக வந்து எல்லோரையும் கிளப்பினார். கோலுக்குப் பின்னால் மாமியார் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருங்கம்மா, முடிஞ்சுபோச்சு."

"என்ன முடிஞ்சுது? என் மருமக அதோ கையுறை மாட்டிக்கிட்டிருக்கா. முழு ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன். நீங்க வேணா போய் ரெஸ்ட் எடுங்க."

பக்கத்தில் எழுந்தவர்கள் அதைக் கேட்டு உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் கோச் வெறும் பனியனோடு அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தார். மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க உட்காரலாம் தம்பி. ஆனா கத்தக் கூடாது. இங்க கத்துறது நான்தான்" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. கோல் எண்ணிக்கை காட்டும் பலகையை யாரோ அணைத்துவிட்டார்கள். மூன்றாவது கோலுக்காக எதிரணி விடாமல் முட்டியது. கண்டக்டர் ஒரு பந்தை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டாள். இன்னொன்றை நெஞ்சில் வாங்கி விழுந்தாள், எழுந்தாள், உள்ளே போ உள்ளே போ என்று கத்தினாள். கடைசியில் ஒரு கார்னரில் நெட்டைக் கேப்டன் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் இடித்தாள். வலை குலுங்கியது. மூன்று.

அதற்குப் பிறகுதான் கண்டக்டரின் அணி உண்மையிலேயே ஆடியது. இனி பட்டியல் இல்லை, அடுத்த வாரம் இல்லை. வியர்வையில் டேப் உரிந்து எட்டாம் எண் மூன்றாகிவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. பந்து கையில் கிடைத்ததும் கண்டக்டர் நாலு எட்டு ஓடி வந்து வலது ஓரத்துக்கு வீசினாள். குருவி அதைக் காலில் வாங்கினாள். லெஃப்ட் பேக் ஒரு பக்கம் சாய்ந்தாள், இவள் மறுபக்கம் போனாள். அடித்த பந்து எதிர்க் கம்பத்தில் பட்டு உள்ளே உருண்டது.

குருவி துள்ளவில்லை. லெஃப்ட் பேக்கின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்துவிட்டாள். "சரி, சரி. தீர்ந்துது" என்றாள்.

மூன்றுக்கு ஒன்று. கடைசி விசில் ஊதும்வரை அதுதான். தோல்விதான். ஆனால் இரு அணியும் மைதானத்தை விட்டுப் போக வெகுநேரமாயிற்று.

"மூணாவதுக்கு நீ முன்னால வந்திருக்கணும்" என்றாள் மாமியார், பஸ்ஸில்.

"தெரியும் அத்தை."

"ஆனா ஆடினது நல்லதாப் போச்சு. இல்லைன்னா அந்த ஆளு பாதியிலயே ஓடிப்போனவங்கன்னு உங்களைச் சொல்லியிருப்பான்."

லீக் பதிவில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஏறியது. சில வாரங்கள் கழித்து ஒழுங்கு விசாரணைக்குக் கண்டக்டரையும் குருவியையும் கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அனுமதி இல்லாத உடையில, கலைக்கப்பட்ட டீம் பேர்ல ஆடியிருக்கீங்க. மன்னிப்பு எழுதிக் குடுத்தா எச்சரிக்கையோட விட்டுடறோம்" என்றார் நடுவில் இருந்தவர்.

"எழுதித் தர்றேன் சார். முதல்ல நீங்க அந்த ஆட்டம் மூணுக்கு ஒண்ணுன்னு எழுதுங்க. இந்தப் பொண்ணு கோல் போட்டிருக்கா."

"பதிவுப்படி ரெண்டாவது பாதி நடக்கவே இல்லம்மா."

"நடக்காததுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?"

சிரிப்பை அடக்கக் குருவி ஜன்னல் பக்கம் திரும்பினாள். இருவருக்கும் ஒரு வருஷத் தடை போட்டார்கள்.

கண்டக்டர் பழைய டிப்போவுக்குப் போனாள். நிரந்தர இடம் போயிருந்தது. தினக்கூலிக்குத்தான் எடுத்தார்கள், அதையும் சரியென்று ஏற்றுக்கொண்டாள். தடை முடிந்ததும் குருவியைத் தங்கள் அணிக்கு அழைக்க நெட்டைக் கேப்டன் நேரில் வந்து நின்றது பிற்பாடு நடந்த கதை.

தீர்ப்புச் சொன்ன மறுநாளே கண்டக்டர் எல்லோருக்கும் போன் போட்டாள். தடை ஆட்டத்துக்குத்தான், பயிற்சிக்கு இல்லை என்றாள். விடிந்ததும் நகராட்சி மைதானத்தின் கேட் முன்னால் ஒன்பது பேர் ஆளுக்கொரு நிறச் சட்டையில் நின்றார்கள். காவலாள் சாவிக்கொத்தோடு வந்து அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த டீம் நீங்க?"

"இன்னும் பேர் வைக்கல" என்றாள் கண்டக்டர். "கேட்டைத் திறங்க."