மடங்கிய விரல்

சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் துண்டால் அவள் கண்ணைக் கட்டினார்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் இந்த விளையாட்டு உண்டு. அவள் பிசியோதெரபிஸ்ட். கையைத் தொட்டே ஆளைச் சொல்லிவிடுவாள். இதுவரை தோற்றதில்லை.

ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்த வீடு. வந்தது அவள், கணவன், மகள், பஸ் ஓட்டும் அண்ணன், அச்சகத்தில் கணவனோடு வேலை செய்யும் நண்பன். கண்ணாடியின் தடிமனால் அவனுக்குச் சோடா என்று பெயர்.

முதல் கை வந்தது. உள்ளங்கையில் காய்ப்பு.

“அண்ணன். கியர் போட்டுப் போட்டே கை கட்டையாயிடுச்சு.”

“அடிப்பாவி,” என்றான் அண்ணன்.

அடுத்த கையில் மை வாசனை. “சோடா அண்ணா. சோப்பு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

மூன்றாவது சின்னக் கை. சிரிப்பை அடக்கி நடுங்கியது. மகள்.

நான்காவது கையை இரண்டு முறை தடவினாள். விரல்களை மடக்கிப் பார்த்தாள். எல்லாம் மடங்கின.

“இது யாரு? பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். துண்டை இழுத்தாள். எதிரே கணவன்.

“மாப்பிள்ளை, அவ உங்க கையைப் பிடிச்சு ரொம்ப நாளாச்சு போல,” என்றான் அண்ணன்.

“அதை வெளியில சொல்லாதீங்க மச்சான்.” மீண்டும் சிரிப்பு.

அவள் கையை விடவில்லை. அச்சு இயந்திரத்தில் சிக்கிய மோதிர விரல். நசுங்கிய மூட்டை எடுத்துவிட்டு, எலும்பை ஒட்டவைத்து உள்ளே தகடு பொருத்தியிருந்தார்கள். அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்கப்போய்த்தான் கல்யாணமே நடந்தது. மற்ற விரல்கள் தேறின. அது மட்டும் மடங்காது. மடங்க அதில் மூட்டு கிடையாது.

இப்போது மூட்டு இருந்தது. தகட்டின் இடத்தில் அழுத்தினாள். வெறும் சதை.

“விரல் மடங்குதே.”

“தண்ணியில ஊறினேன்ல. சரியாயிடுச்சு.”

“நல்லதுதானே தங்கச்சி,” என்றான் சோடா. “அதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?”

அன்று காலை கணவன் ஏரியின் நடுவரை நீந்திப் போயிருந்தான். தலை மறைந்தது. விளையாடுகிறான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோடா பதறி எழுந்தபோது கணவன் வேறோர் இடத்தில் மேலே வந்தான், சிரித்துக்கொண்டே. அதன்பின் சிரிப்பு ஓயவில்லை. மகளைத் தோளில் தூக்கி ஓடினான். பாத்திரம் கழுவினான். சோடாவைக் கலாய்த்தான். வழக்கமாக, போகிற இடமெல்லாம் படுத்துத் தூங்குகிற ஆள்.

“மாப்பிள்ளை இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை,” சாயங்காலம் அண்ணன் அவளிடம் தனியாகச் சொன்னான். “இந்த வீட்டையே அடுத்த தடவையும் எடுப்போம்.”

“அண்ணா, இது அவர் இல்லை.”

“வேற யாரு?”

அவள் ஏரியைப் பார்த்தாள்.

“வெயில்ல ரொம்ப நேரம் இருந்துட்ட,” என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

ஞாயிறு காலை அவள் ஏரிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்றாள். தண்ணீர் அசையவில்லை.

“என்னங்க,” என்றாள். பொறுத்துப் பார்த்தாள். சத்தமாக, “என்னங்க.”

“என்ன?”

பின்னால் கரையில் கணவன், காய்ந்த துண்டோடு.

“அங்க ஆழம். வா.”

வந்தாள்.

மதியம் வேனில் சாமான்களை ஏற்றினார்கள். அண்ணன் ஹார்ன் அடித்தான். அவள் தரையிலேயே நின்றாள்.

“ஏறும்மா. சாவியைக் கொடுத்துட்டுப் போகணும்.”

“அவர் இன்னும் வரலை.”

பின்சீட்டில் கணவன். அவன் மடியில் மகள்.

“அப்பா இங்கதான் இருக்காரும்மா,” என்றாள் மகள்.

அவள் ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். தான் நின்றுவிட்டால் மகள் அவனோடு போய்விடுவாள்.

ஏறினாள். மகளைத் தன் மடிக்கு இழுத்தாள். மகள் முரண்டு பிடித்தாள்.

“போ கண்ணு. அம்மாகிட்ட போ,” என்றான் கணவன்.

வண்டி நகர்ந்தது. சோடா பாட்டுப் போடச் சொன்னான். அந்தச் சத்தத்தில் கணவன் அவள் காதருகே குனிந்தான்.

“நீ அங்கேயே நின்னுடுவியோன்னு பயந்துட்டேன். எனக்கு வீட்டுக்கு வழி தெரியாது.”